குளிர் ஊரிலும் விசிறி ஏன் கத்துகிறது? சர்வர் மதர்போர்டு குறித்த வாசகர் கேள்விகள்

நீலகிரியிலிருந்தும் பழனி மலைத்தொடரிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில், பழைய சர்வர்களை வாங்கி அலுவலகத்திலோ வீட்டிலோ ஓட்டிக்கொண்டிருப்பவர்களின் கேள்விகளே மிகுதி. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: உதகையில் ஒளிப்பட நிலையம் நடத்துகிறேன். படங்களைச் சேமித்து வைப்பதற்காக, சூப்பர்மைக்ரோ எக்ஸ்10 வகை மதர்போர்டு உள்ள பழைய சர்வர் ஒன்றை வாங்கினேன். அதனுடன் வந்த விசிறிகளின் இரைச்சலைத் தாங்க முடியாமல், மெதுவாகச் சுழலும் 120 மி.மீ. விசிறிகளை மாற்றிப் பொருத்தினேன். இப்போது எல்லா விசிறிகளும் திடீரென்று முழு வேகத்துக்குப் போகின்றன, சில நொடிகளில் அடங்குகின்றன, மறுபடியும் எகிறுகின்றன. கோளாறு புதிய விசிறியிலா, போர்டிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. போர்டு தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்கிறது. சொல்லப்பட்டதுதான் உங்கள் புதிய விசிறிக்குப் பொருந்தவில்லை.

சர்வர் மதர்போர்டில் முதன்மைச் செயலியைத் தவிர, பிஎம்சி எனப்படும் மேற்பார்வைச் சிப் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் இது தைவானைச் சேர்ந்த ஆஸ்பீட் நிறுவனத்தின் ஏஎஸ்டி2400, ஏஎஸ்டி2500 போன்ற சிப்பாக இருக்கும். இதற்கென்று தனிச் செயலி, தனி நினைவகம், தனி ஃபர்ம்வேர் (சிப்பிலேயே பதிந்திருக்கும் நிரல்), தனி நெட்வொர்க் முகவரி எல்லாம் உண்டு. மின்கம்பியைச் செருகியிருக்கும்வரை, சர்வரை அணைத்து வைத்திருந்தாலும் இது விழித்திருக்கும். வெப்ப உணரிகளைப் படிப்பதும், விசிறிகளுக்கு வேகம் சொல்வதும், அவை உண்மையில் சுழல்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதும் இதன் வேலை. நான்கு முனை விசிறியின் நான்காவது கம்பி வழியாக வேகக் கட்டளை போகிறது. மூன்றாவது கம்பி வழியாக, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம், எண்ணிக்கை திரும்பி வருகிறது.

ஒவ்வொரு விசிறிக்கும் மூன்று கீழ்வரம்புகளை பிஎம்சி வைத்திருக்கிறது. எக்ஸ்10 போர்டுகள் பலவற்றில் அவை நிமிடத்துக்கு 300, 500, 700 சுற்றுகள் என்று இருக்கும். ஆலையிலிருந்து வந்த விசிறி எவ்வளவு மெதுவாக ஓடினாலும் ஆயிரத்துக்கு மேல்தான் சுழலும் என்ற கணக்கில் வைக்கப்பட்டவை இவை. ஆனால் அமைதியாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட 120 மி.மீ. விசிறி, 1,500 சுற்று வரை போகக்கூடியதாயினும், 20 விழுக்காட்டுக் கட்டளையில் 300 சுற்றுக்கு இறங்கிவிடும். எண்ணிக்கை 500க்குக் கீழே போனதும் அந்த விசிறி செத்துவிட்டது என்று முடிவுகட்டும் பிஎம்சி, மற்ற விசிறிகளாவது ஈடுகட்டட்டும் என்று எல்லாவற்றையும் முழு வேகத்துக்கு விரட்டுகிறது. விரட்டியதும் செத்த விசிறியும் 1,500 சுற்றுக்கு வந்துவிடுவதால் ஆபத்து நீங்கியதாக எண்ணி வேகத்தைக் குறைக்கிறது. குறைத்ததும் மறுபடி வரம்புக்குக் கீழே போகிறது. நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கம் இதுதான்.

வரம்புகளைத் தாழ்த்தினால் போதும். ஐபிஎம்ஐடூல் என்னும் கட்டளைக் கருவியின் சென்சார் பகுதியில், விசிறியின் பெயரைச் சொல்லி, கீழ்வரம்புகளை 100, 200, 300 என்று, மிகத் தாழ்ந்ததிலிருந்து தொடங்கும் இதே வரிசையில் கொடுங்கள். இந்தப் போர்டுகள் வரம்பை நூறு நூறாகத்தான் ஏற்கும். 250 என்று கொடுத்தால் தானாகவே முழு நூறுக்கு மாற்றிக்கொள்ளும். 300 சுற்றில் ஓடும் விசிறிக்கு 300ஐயே மூன்று கீழ்வரம்புகளில் உச்சமானதாக வைப்பது நெருக்கமாகத்தான் இருக்கிறது என்பதால், கூடவே விசிறியின் குறைந்த வேகத்தையும் சற்றே உயர்த்திவைப்பது நல்லது. வரம்பைப் பூஜ்ஜியமாக்க வேண்டாம். அப்படிச் செய்தால் விசிறி உண்மையாகவே நின்றுபோகும் நாளிலும் உங்களுக்குச் செய்தி வராது.

இணையத்தில் கிடைக்கும் இன்னொரு வழியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிஎம்சிக்கு 30, 45, 01, 01 என்ற பதினறும எண்களை அனுப்பி, விசிறிகளை முழு வேகத்தில் ஓட்டும் ஃபுல் முறைக்கு மாற்றிவிட்டு, பிறகு 30, 70, 66, 01, 00 ஆகியவற்றோடு வேகத்தின் விழுக்காட்டையும் சேர்த்து அனுப்பினால், எக்ஸ்10, எக்ஸ்11 போர்டுகளில் செயலிப் பகுதியின் விசிறிகள் அந்த வேகத்தில் நின்றுவிடும். 00க்குப் பதில் 01 என்றால் ஹார்டு டிஸ்க் பகுதியின் விசிறிகள். முதலில் ஃபுல் முறைக்கு மாற்றுவதன் காரணம், மற்ற முறைகளில் பிஎம்சி தன் கணக்கை மறுபடி போட்டு உங்கள் கட்டளையை அழித்துவிடும் என்பதே. இந்த வழி வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பிறகு வெப்பத்தைப் பார்த்து வேகத்தை மாற்ற வேண்டியது உங்கள் நிரலின் பொறுப்பு. நள்ளிரவில் அந்த நிரல் நின்றுபோனால், கடைசியாகச் சொல்லப்பட்ட 25 விழுக்காட்டிலேயே விசிறி ஓடிக்கொண்டிருக்க, செயலி கொதித்துக்கொண்டிருக்கும். வரம்பைத் திருத்தி, முறையை ஆப்டிமல் என்று வைத்து, வேகத்தை பிஎம்சியின் பொறுப்பிலேயே விடுவதுதான் என் பரிந்துரை.

கேள்வி: கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்கு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கொழுந்து எடை, விவசாயிகளுக்கான பட்டுவாடா எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. எங்கள் ஊர்க் குளிருக்கு இத்தனை விசிறி தேவையில்லை, 20 விழுக்காட்டில் நிலையாக நிறுத்திவிடலாம் என்று பராமரிப்பாளர் சொல்கிறார். மின்சாரமும் மிச்சமாகும் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். அவர் குளிரைக் கணக்கில் எடுத்துக்கொண்டார், உயரத்தை விட்டுவிட்டார்.

மலையில் சோறு வேக ஏன் நேரமாகிறது என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. அதே அழுத்தக் குறைவுதான் இங்கேயும் வேலை செய்கிறது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரியில் காற்றின் அடர்த்தி, அதே வெப்பநிலையிலுள்ள கடல்மட்டக் காற்றைவிடச் சுமார் 19 விழுக்காடு குறைவு. 2,240 மீட்டரிலுள்ள உதகையில் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைவு. விசிறி ஒரு சுற்றுக்கு இவ்வளவு கனஅடி என்று காற்றைத் தள்ளுகிறதே தவிர, இவ்வளவு கிராம் என்று தள்ளுவதில்லை. வெப்பத்தைச் சுமந்து செல்வதோ காற்றின் எடை. ஆகவே மேட்டுப்பாளையத்தில் ஒரு விசிறி 1,000 சுற்றில் அகற்றும் வெப்பத்தைக் கோத்தகிரியில் அகற்ற, ஏறக்குறைய 1,200 சுற்று தேவைப்படும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி அறையில், ஒரு குறிப்பிட்ட விசிறி வேகத்தில், செயலியின் வெப்பம் அறையைவிட 40 டிகிரி மேலே போய் 72இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சர்வரை, அதே விசிறி வேகத்தில், கோத்தகிரியில் 20 டிகிரி அறையில் ஓட்டினால், அந்த 40 டிகிரி இடைவெளி 47 வரை விரியக்கூடும். 20உம் 47உம் 67. அறையில் 12 டிகிரி குளிர்ச்சி கிடைத்தும் செயலிக்குக் கிடைத்தது 5 டிகிரிதான். குளிரின் பயன் இல்லாமல் போகவில்லை. ஆனால் பராமரிப்பாளர் நினைக்கும் அளவுக்கு இல்லை. சர்வர் தயாரிப்பாளர்கள் பின்பற்றும், குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் வழிகாட்டியும் இதனால்தான், ஏ2 வகைக் கருவிகளுக்கு அனுமதிக்கும் 35 டிகிரி உச்சவரம்பை, 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி வீதம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் ஊருக்கு அது 32 டிகிரி. அடைத்து வைத்த சிறிய அறையில், உலர்த்தும் பகுதிக்குப் பக்கத்துச் சுவரில், ஏப்ரல் மாதப் பிற்பகலில் அந்த 32ஐத் தொடுவது அரிதல்ல.

இன்னொன்று. செயலிக்குள் வெப்ப உணரி இருக்கிறது. கொதிக்கத் தொடங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், முடியாவிட்டால் அணைந்துவிடும். ஹார்டு டிஸ்க்குகளை இணைக்கும் சாஸ் அட்டை, வேகமான நெட்வொர்க் அட்டை ஆகியவற்றின் வெப்பம் பல போர்டுகளில் பிஎம்சியின் கண்ணுக்கே தெரியாது. இவற்றின் மேல் விசிறி இல்லாமல் ஒரு சிறிய அலுமினியத் தகடு மட்டும் இருப்பதற்குக் காரணம், பெட்டிக்குள் எப்போதும் ஒரு வேகத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கை. எல்எஸ்ஐ நிறுவனத்தின் பழைய சாஸ் அட்டைகளின் கையேடு, நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று வேண்டும் என்று கேட்கிறது. 20 விழுக்காட்டில் நிறுத்தினால் செயலி நலமாக இருப்பதாகத் திரை காட்டும். டிஸ்க் அட்டை ஓசையில்லாமல் பிழை விடத் தொடங்கும். பட்டுவாடாக் கணக்கு இருக்கும் சர்வரில் இந்தச் சோதனை வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி அவர் சொன்னது சரியே. விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு மின்சாரமே போதும். ஆனால் அந்தச் சேமிப்பைத் தானியங்கி முறையே பெற்றுத்தரும், சுமை குறைந்த இரவு நேரத்தில் அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி உங்கள் அலுவலகத்தில் எப்போதுமே வேகமாக ஓடுகிறது என்றால், நான் முதலில் பார்க்கச் சொல்வது, செயலியின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகட்டுத் தொகுப்பான ஹீட்சிங்க்கை. தேயிலைத் தொழிற்சாலையில் பறக்கும் நார்த்தூசி, ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையில் கம்பளம்போல் படிந்துவிடும். சர்வரை அணைத்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ஊதுகருவியால் உள்ளிருந்து வெளியே ஊதிப் பாருங்கள். விசிறிச் சத்தம் குறைவதற்கு எந்தக் கட்டளையும் தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: குன்னூரில் எங்கள் அலுவலகத்தின் டெல் சர்வரில், வேறு நிறுவனத்தின் நெட்வொர்க் அட்டை ஒன்றைச் செருகினோம். அன்றிலிருந்து வேலை ஏதுமில்லாதபோதும் விசிறிகள் வேகமாக ஓடுகின்றன.

பதில்: அது திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு. தனக்கு அறிமுகமில்லாத அட்டையின் வெப்பத்தை ஐடிராக் என்னும் மேற்பார்வைச் சிப்பால் அறிய முடியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று காற்றை அதிகமாக்குகிறது. ஐடிராக்குக்கான ராக்காட்எம் என்னும் கட்டளைக் கருவியில் தெர்மல் செட்டிங்ஸ் பகுதியிலுள்ள, மூன்றாம் தரப்பு பிசிஐ அட்டைக்கான விசிறி எதிர்வினையைப் பூஜ்ஜியமாக்கினால் இரைச்சல் அடங்கும். அட்டை அதிகச் சூடாகாத ஒரு கிகாபிட் வகையாக இருந்தால் தயங்காமல் செய்யுங்கள். பத்து கிகாபிட் வகையாக இருந்தால் முன்பு சொன்ன காற்றோட்டக் கணக்கை நினைவில் வையுங்கள். பழைய டெல் சர்வர்களில் வேலை செய்த நேரடி வேகக் கட்டளை, ஐடிராக்9 ஃபர்ம்வேரின் 3.34.34.34 பதிப்பிலிருந்து மறுக்கப்படுகிறது. அதற்காகவே சிலர் பழைய ஃபர்ம்வேரிலேயே தங்கிவிடுகிறார்கள். காதுக்காகப் பாதுகாப்பை விற்பது இது.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு விடுதிக்குக் கணினி வேலைகள் செய்து தருகிறேன். சர்வரைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேரான பயாஸ், பிஎம்சியின் ஃபர்ம்வேர் இரண்டும் பல ஆண்டுப் பழையவை. புதுப்பிக்க ஆசை; ஆனால் இங்கே மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது வாடிக்கை. நடுவில் மின்சாரம் போனால் போர்டு பாழாகிவிடும் என்கிறார்கள். புதுப்பிக்காமலே விட்டுவிடலாமா?

பதில்: அச்சம் நியாயமானது, முடிவுதான் சரியில்லை. பிஎம்சி என்பது நெட்வொர்க்கில் எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு கணினி. அதைப் பழைய நிலையில் விட்டுவைப்பது, பூட்டுப் பழுதான பின்வாசலைப் பார்க்காதிருப்பதைவிட மோசமானது, ஏனென்றால் அந்த வாசலில் நுழைந்தவர் சர்வரை அணைக்கலாம், ஏற்றலாம், திரையைப் பார்க்கலாம், விசிறியையும் நிறுத்தலாம்.

முதலில், எதற்காகப் புதுப்பிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளரின் வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, பாதுகாப்புத் திருத்தமோ உங்களைப் பாதிக்கும் பிழைத் திருத்தமோ இருந்தால் செய்யுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து மிகப் புதிய பதிப்புக்கு நேரே தாவ முடியாதபடி, இடையில் ஒரு பதிப்பை நிறுவச் சொல்லும் போர்டுகளும் உண்டு. அதுவும் அந்தக் குறிப்பில்தான் இருக்கும். கோப்பு உங்கள் போர்டின் மாதிரி எண்ணுக்குரியதுதானா என்பதை, பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாமல், போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். மின்தடையில் பாழான போர்டுகளைவிட, தவறான கோப்பு ஏற்றப்பட்டுப் பாழானவை அதிகம் என்பது என் எண்ணம்.

அடுத்து மின்சாரம். யுபிஎஸ் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், சுவர் இணைப்பைத் துண்டித்து, சர்வர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று முந்தைய நாளே பாருங்கள். அரை மணி நேரம் தாங்கினால் போதுமானது. பத்து நிமிடத்தில் அணைந்தால் பேட்டரியை மாற்றிய பிறகே ஃபர்ம்வேரைத் தொடுங்கள். காற்றும் மழையும் அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையை விட்டு, வானம் தெளிந்த ஒரு நாளின் காலையைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பொதுவாக பிஎம்சியை முதலில் புதுப்பித்து, அது மீண்டும் எழுந்து சீராக இருப்பதை உறுதிசெய்துகொண்டு பயாஸுக்குப் போவது நல்லது. தயாரிப்பாளரின் குறிப்பு வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். பிஎம்சியை எழுதும்போது விசிறிகளைக் கவனிக்க ஆள் இல்லாததால், பல போர்டுகளில் அவை சில நிமிடங்கள் முழு வேகத்தில் அலறும். பயந்துபோய்க் கம்பியைப் பிடுங்கிவிடாதீர்கள். பிஎம்சி போர்டுகள் உயிரிழப்பது அந்தக் கணத்தில்தான். அமைப்புகளைக் காப்பாற்றவா என்று கேட்கும் கட்டத்தில், மிகப் பழைய பதிப்பிலிருந்து வருபவராயின், காப்பாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நெட்வொர்க் முகவரி, பயனர், விசிறி வரம்பு ஆகியவற்றைப் புதிதாகத் தருவதே என் வழக்கம். முன்னதாக அவற்றைத் தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இதழின் முதல் கேள்வியைக் கேட்ட உதகை வாசகருக்கும் இது பொருந்தும்: தாழ்த்திவைத்த வரம்புகள் புதுப்பித்தலுக்குப் பின் பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்கலாம், விசிறி மறுபடி எகிறினால் முதலில் அதைப் பாருங்கள்.

பயாஸைப் புதுப்பித்த பின் முதல் தடவை சர்வர் எழ வழக்கத்தைவிட நெடுநேரம் ஆகும். நினைவகத்தை அது புதிதாகச் சோதித்துப் பழக்குகிறது. திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்து அணைத்துவிட வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் தவறினால், ஃபர்ம்வேர் இருக்கும் சிப்பில் நேரடியாக எழுதும் மலிவான கருவி கிடைக்கிறது. அதைப் பிடிக்கும் முன் அந்தச் சிப் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளாவிட்டால், மீட்கப் போன கையே சிப்பைக் கொன்றுவிடும்.

கேள்வி: பெருமாள்மலையில் எங்கள் தோட்ட அலுவலகத்தின் சர்வரை, நான் மதுரையில் இருக்கும்போதும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரவுட்டரில் பிஎம்சிக்கு வழி திறந்துவைத்தால் வீட்டிலிருந்தே அணைத்து ஏற்றலாம் அல்லவா?

பதில்: அணைக்கலாம், ஏற்றலாம், முன்பின் தெரியாத எவரும் அணைக்கலாம், ஏற்றலாம். பிஎம்சியோடு தொலைவிலிருந்து பேசுவதற்கென 2004இல் வந்த ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையில், கடவுச்சொல்லை அறியாதவர் கேட்டாலும் அதன் குறிமாற்றுக் கோவையை பிஎம்சி அனுப்பிவிடுகிறது; பெற்றவர் தன் கணினியில் வைத்து நிதானமாக உடைத்துக்கொள்ளலாம். இது 2013இலேயே வெளிப்பட்ட குறை. நெறிமுறையின் வடிவிலேயே இருப்பதால் ஃபர்ம்வேர் திருத்தத்தால் நீங்காது. அண்மையில், பல நிறுவனங்களின் சர்வர்களில் உள்ள மெகாராக் என்னும் பிஎம்சி ஃபர்ம்வேரில், கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய வழிசெய்யும் ஓட்டை கண்டறியப்பட்டது. அது உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தப்படுவதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2025 ஜூனில் தன் பட்டியலில் சேர்த்தது.

தோட்டத்து ரவுட்டரில் வயர்கார்டு போன்ற விபிஎன் (மறைகுறியிட்ட தனிவழி) ஒன்றை அமைத்து, அதன் வழியாக மட்டும் பிஎம்சியை அடையுங்கள். பழைய சர்வர் என்றால் பிஎம்சியை ஆலை நிலைக்குத் திருப்பி, பயனர் பட்டியலைப் பாருங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கு அதில் அப்படியே இருப்பது சாதாரணம். 2020க்கு முந்தைய சூப்பர்மைக்ரோ போர்டுகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அட்மின் என்ற ஒரே சொல்தான். பிஎம்சிக்கான தனி நெட்வொர்க் துளையில் கம்பி செருகவில்லை, ஆகவே பாதுகாப்பு என்று இருந்துவிடவும் வேண்டாம். அந்தத் துளை காலியாக இருந்தால், இந்தப் போர்டுகளின் பிஎம்சி, முதல் சாதாரண நெட்வொர்க் துளையின் வழியே வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். அமைப்பில் தனித்துளை மட்டும் என்று மாற்றினாலொழிய அது நிற்காது.

கேள்வி: உதகையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் சர்வரை அணைத்துவைப்பது நல்லதா?

பதில்: ஓடவிடுவதே நல்லது. ஓடும் சர்வர் தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்கிறது. உள்ளே இழுக்கப்படும் ஈரக்காற்றும் சூடாவதால் அதன் ஒப்பு ஈரப்பதம் குறைந்துவிடுகிறது. இரவெல்லாம் அணைந்து சில்லிட்டுக் கிடந்த போர்டின் மீது, காலையில் கதவைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போதுதான் நீர் பூக்கும். அணைத்தே ஆகவேண்டும் என்றால், மறுநாள் அறை வெப்பத்துக்குப் பெட்டி வந்த பிறகு ஏற்றுங்கள். பெரிய ஹார்டு டிஸ்க்குகள் பல, 5 டிகிரிக்குக் கீழே இயங்குவதற்கு உத்தரவாதம் தரப்படாதவை.

கேள்வி: வீட்டில் கிடக்கும் மூன்று முனை விசிறியைச் சர்வர் போர்டில் செருகலாமா? (கூடலூர் வாசகர்)

பதில்: செருகலாம், சுழலும். வேகக் கட்டளை போகும் நான்காவது கம்பி அதில் இல்லாததால், பெரும்பாலான சர்வர் போர்டுகளில் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். எண்ணிக்கை மட்டும் பிஎம்சிக்குச் சரியாகப் போய்ச் சேரும்.